இரண்டாம் பந்தி

அத்தியாயம் 9

"கப்பலுமாச்சு கத்தரிக்காயுமாச்சு, நான் வரல" என்று போன வாரம் கதவைச் சாத்திக்கொண்ட முனீஸ்வரி, நான்கு நாள் கழித்து ஒரு நிபந்தனையோடு கதவைத் திறந்தாள். அவளுக்காகக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தவர்கள் இனி அவளுடைய அம்மாவுக்காகக் கவலைப்படலாம்.

நிபந்தனை சின்னதுதான். கப்பலில் அவள் எங்கே சாப்பிடுகிறாள், எப்போது சாப்பிடுகிறாள், யாரோடு சாப்பிடுகிறாள் என்று யாரும் கேட்கக் கூடாது.

"சரிடி, ஒன் இஷ்டம்" என்றாள் அம்மா ஹேமாவதி. சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். கப்பலுக்கு அவள் ஆசைப்பட்டதே அந்தச் சாப்பாட்டு மேசைக்காகத்தான்.

ஹேமாவதியின் கணவர் சுருளிராஜனுக்கு உத்தமபாளையத்தில் மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் விற்கும் கடை. வருஷா வருஷம் மோட்டார் கம்பெனி டீலர்களை எங்காவது கூட்டிக்கொண்டு போகும். ஆண்கள் மட்டும் போய்விட்டு வந்து, போனில் பாதிப் படங்களை அழித்த பிறகு வீட்டில் காட்டும் டூர்கள் அவை. இந்த வருஷம் கம்பெனிக்கு என்ன ஞானோதயமோ, குடும்பத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டது. டிசம்பர் கடைசியில் கொச்சியில் கப்பல் ஏறி, நான்கு ராத்திரி கடலில் இருந்துவிட்டு, மறுபடி கொச்சியிலேயே இறங்க வேண்டும். கோயம்புத்தூரில் படிக்கும் மூத்தவன் விஜய்பாண்டி நேராகக் கொச்சிக்கு வந்து சேர்ந்துகொள்வான்.

கப்பலில் அடுப்படி கிடையாது. மாடியில் தனி அறைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நான்கு நாளும் மகள் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டாக வேண்டும் என்று ஹேமாவதி நினைத்தாள். அவள் மனதில் இருந்த கப்பல் அவ்வளவுதான். கடலைக்கூட அவள் யோசிக்கவில்லை.

மகளுக்கும் அப்பாவுக்கும் சண்டை நடந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். சண்டை என்றால் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. முனீஸ்வரி நானூற்றுப் பன்னிரண்டு. அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு, வீட்டு ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அம்மாவும் மகளும் அடுப்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்த சுருளிராஜன் மகளின் தட்டைப் பார்த்தார்.

"மார்க்கு இந்த லட்சணத்துல. திங்கிறதுல மட்டும் ஒரு கொறையும் இல்ல."

சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். போய்விட்டார்.

முனீஸ்வரி சோறு இருந்த தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து ஏழு மாதமாக, அப்பாவின் கண்ணில் படும் இடத்தில் அவள் ஒரு வாய் சோறு, ஒரு முறுக்கு, ஒரு வாய்த் தேத்தண்ணி எடுத்ததில்லை.

சுருளிராஜனுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்த வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள், பெண்கள் பரிமாறிவிட்டுப் பிறகு சாப்பிடுவார்கள். கோயிலுக்குப் போனாலும் கட்டுச்சோற்றைப் பிரித்து வைப்பவள் ஹேமாவதி, கடைசியில் சாப்பிடுபவளும் அவள். ஹோட்டலில் தப்பித் தவறி ஒரே மேசையில் உட்கார்ந்தாலும், சுருளிராஜன் ஐந்து நிமிஷத்தில் கை கழுவிவிட்டு வெளியே போய், காரைத் திருப்பி நிறுத்தி ஹாரன் அடிப்பார். மகள் சாப்பிடுவதை அவர் எங்கே பார்த்தார், சாப்பிடாததைப் பார்ப்பதற்கு?

வீட்டுப் பழக்கம் மகளுடைய கோபத்தைப் பத்திரமாக மூடி வைத்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஹேமாவதியின் கோபத்தையும் அதுதான் மூடி வைத்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

*

இன்று காலை அந்தப் படிவம் வந்தது.

மதுரையில் டூர் ஏற்பாடு செய்யும் ஆபீஸிலிருந்து ஜெபா என்ற பெண் எல்லா டீலர்களுக்கும் அனுப்பியிருந்தாள். கப்பலில் ராத்திரிச் சாப்பாடு எங்கே வேண்டும் என்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பெரிய சாப்பாட்டு ஹாலில் நம்பர் போட்ட மேசை, பரிமாற ஆள். அது இரண்டு நேரமாக நடக்கும். ஆறரைக்கு ஒன்று, எட்டே முக்காலுக்கு ஒன்று. மேல்தளத்தில் பஃபே, யாரும் எப்போதும் போய் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வரை உள்ள பிள்ளைகளுக்கு அவர்களே கூடிச் சாப்பிட ஒரு தனி அறை.

சுருளிராஜன் இட்லியைப் பிட்டுக்கொண்டே போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஹேமாவதி காரச் சட்னியோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"பெரிய ஹாலையே போடுங்க. நாலு பேருக்கும் ஒரே மேசையா."

"ம்."

"கேக்குதா? ஒரே மேசை."

"கேட்ருச்சும்மா. மேசையத்தான போடணும். கடைக்குப் போயி போட்டுறேன். இன்னொரு இட்லி வையி."

வைத்தாள். அவர் கை கழுவினார், பைக் கிளம்பியது. பேங்க் முக்கு திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது. அது ஓய்ந்த பிறகு மாடிப்படியில் முனீஸ்வரியின் கால் சத்தம் கேட்டது. ஏழு மாதத்தில் இந்த வரிசை ஒரு நாளும் மாறவில்லை.

யூனிபார்மோடு வந்து அடுப்படியில் நின்றபடியே இட்லியை விண்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஒக்காந்துதான் தின்னேன்டி."

"வேன் வந்துரும்." கொஞ்சம் தயங்கினாள். "ஃபார்ம் வந்துருச்சாமே. விஜய் சொன்னான். எனக்கு என்ன போட்டிருக்கு?"

"பஃபேதான். நீ கேட்டதுதான்."

"நெசமாவா?"

"பின்ன?"

முனீஸ்வரி அம்மாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இந்த ஏழு மாதத்தில் அப்படிச் சிரித்ததை ஹேமாவதி பார்த்ததில்லை. இன்னும் ஒரு இட்லியைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு வேனுக்கு ஓடினாள்.

ஹேமாவதி வாசல்வரை பின்னால் போனாள். ஆனாலும் கூப்பிட்டு நிறுத்தி உண்மையைச் சொல்லவில்லை. கப்பலில் போய் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண்கள்கூட இந்த மாதிரிச் சமயத்தில் முட்டாள்களாகிவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை என்கிற தைரியம்தான் காரணம்.

*

பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"மேடம், நான் ஜெபா பேசுறேன். சார் ஃபார்ம் அனுப்பிட்டாங்க. ஒரு சின்னச் சந்தேகம். சாருக்கு அடிச்சேன், எடுக்கல."

"சொல்லும்மா."

"சாரும் உங்க பையனும் ஆறரை மணி. நீங்களும் பொண்ணும் எட்டே முக்கால். இப்படிப் போட்டிருக்காங்க. மாத்தி டிக் பண்ணிட்டாங்களா?"

ஹேமாவதி அடுப்பை அணைத்தாள். "எப்படிப் போட்டிருக்காக? இன்னொரு தடவ சொல்லு."

ஜெபா நிதானமாக இன்னொரு தடவை சொன்னாள். பிறகு, "கீழ குறிப்பும் எழுதியிருக்காங்க மேடம். ரெண்டு நேரத்துக்கும் டேபிள் நம்பர் ஒண்ணாவே இருக்கணுமாம்" என்றாள்.

ஒரே மேசை. சொன்னதைச் செய்திருக்கிறார் மனுஷன்.

இரண்டு நேரம் என்றதும் அவருக்குப் பந்திதான் ஞாபகம் வந்திருக்கும். முதல் பந்தி ஆண்களுக்கு, இரண்டாம் பந்தி பெண்களுக்கு. கடலுக்கு நடுவே, யாரோ சமைத்து யாரோ பரிமாறும் ஊரிலும், அவர் எழுந்த நாற்காலியில்தான் அவள் உட்கார வேண்டும்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். வேற யாரும் இப்படிப் போட்டிருக்காகளாம்மா?"

ஜெபா ஆபீஸ் குரலைக் கைவிட்டாள். "ஒங்க பக்கத்து டீலருக ஒம்போது பேரு மேடம். கம்பம், கோம்பை, சின்னமனூரு. அதுல ஏழு பேரு இப்படித்தான் போட்டிருக்காக. மொத நாலு ஃபார்ம் வரவும் எங்க லிங்க்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டோம். கப்பல்காரவுகளுக்கு நான் என்னன்னு சொல்றது?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது ஹேமாவதிக்கு. "கொஞ்சம் பொறும்மா. அஞ்சு மணிக்குள்ள சொல்லச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

வழக்கமாகக் கடைப் பையன் வந்துதான் சாப்பாட்டு கேரியரை வாங்கிப் போவான். இன்று அவளே கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வீடு இருக்கும் அனுமந்தன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் பேச வேண்டியதை மூன்று விதமாகப் பேசிப் பார்த்தாள். மூன்றும் பொறுமையான விதங்கள்.

*

கடையில் கூட்டமில்லை. சுருளிராஜன் கல்லாவுக்குப் பின்னால் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, அதன்மேல் கேரியரைப் பிரித்தார். ஹேமாவதி நின்றபடி கரண்டியால் சோற்றை எடுத்து வைத்தாள்.

"நாலு பேருக்கும் ஒரே மேசைன்னு சொல்லித்தான அனுப்புனேன்."

"அதத்தான போட்டிருக்கேன். நம்பர் மாறக் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்கேன்."

"நீங்க ஆறரைக்கு. நாங்க எட்டே முக்காலுக்கு."

"ஆமா. ரெண்டு நேரம்னு கேட்டிருந்தாக. நானும் விஜயும் மொதல்ல முடிச்சுக்கிருவோம். நீங்க ரெண்டு பேரும் நிதானமாச் சாப்பிடுவீக. நாங்க இருந்தா ஒனக்குச் சோறு எறங்காதுல்ல."

அவர் அதை நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அங்கன பரிமாறுறது யாரு?"

"கப்பல்காரன்."

"அப்ப நான் எதுக்கு ஒங்களுக்குப் பெறகு சாப்பிடணும்?"

சுருளிராஜன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அந்தக் கேள்வி அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.  

"இதுல என்னத்துக்கு இம்புட்டுப் பேச்சு? ஒரே நேரம் வேணும்னா மாத்திச் சொல்லிட்டாப் போச்சு. ஏ முத்துக்கருப்பா, அந்தப் போன எடு" என்று கடைப் பையனிடம் சொன்னார்.

ஹேமாவதி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. கேரியரை அடுக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கேள்விக்கு அவரை வாயடைக்க வைத்தது இதுவே முதல் தடவை. அந்த ருசி அவளை விடவில்லை.

"மாத்துங்க. ஆனா ஒங்க மக ஒங்களுக்கு முன்னால ஒக்காந்து சாப்பிடமாட்டா."

"யாரு, பாப்பாவா? ஏன்?"

"ஏழு மாசமாச் சாப்பிடுறதில்ல. நீங்க வெளிய போன பெறகுதான் சாப்பிடுறா. நீங்க வீட்டுல இருந்தா மாடிக்குக் கொண்டுபோயிக் குடுக்கிறேன். தெரியுமா ஒங்களுக்கு?"

"என்ன சொல்ற நீ?"

சொன்னாள். ரிசல்ட் வந்த நாள், தட்டு, தண்ணீர், அவர் சொன்ன வார்த்தை. ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நானா சொன்னேன்?"

"நீங்கதான்."

"அப்படியா சொன்னேன்?"

சுருளிராஜன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். மோட்டாருக்கு ஃபுட்வால்வு கேட்டு ஒருவர் வந்தார். முத்துக்கருப்பன் எடுத்துக் கொடுத்தான். வந்தவர் போகிறவரை யோசித்துவிட்டுச் சுருளிராஜன் தலையை ஆட்டினார். ஞாபகமில்லை.

அவர் சொன்னதைக்கூட ஹேமாவதி மன்னித்திருப்பாள். சொன்னது ஞாபகமில்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு பிள்ளை ஏழு மாதம் சுமந்துகொண்டு திரிந்த வார்த்தை, சொன்னவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு முடிந்துபோயிருக்கிறது.

"சரி, சொல்லியிருந்தாத்தான் என்ன? பெத்த அப்பன்தான சொன்னேன், ஊரானா சொன்னான்?"

"ஏழு மாசம்ங்க."

"ஆமா, ஏழு மாசம்." குரல் உயர்ந்தது. முத்துக்கருப்பன் குழாய்ச் சுருளை எண்ணுவது மாதிரி உள்ளே போனான். "ஏழு மாசமா ஒரே வீட்டுக்குள்ள அவ எனக்கு ஒளிஞ்சு தின்னிருக்கா. நீ தட்டத் தூக்கிக்கிட்டு மாடிக்கும் கீழக்கும் நடந்திருக்க. ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்ல? யாரு வளத்துவிட்டா இத?"

 மனுஷன் சொன்னதில் உண்மை இருந்தது. சண்டை வேண்டாம், சண்டை வேண்டாம் என்று அவள்தான் ஏழு மாதமாக இரண்டு பந்தி நடத்திக்கொண்டிருந்தாள்.

சுருளிராஜன் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஜெபாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, எங்களுக்கு மாத்திப் போட்டுக்க. நாலு பேரும் ஒரே நேரம். ஆறரை. நாலு நாளும் அங்கனதான். சின்னப் பிள்ளைக சாப்பிடுற அந்த ரூமு வேணாம். மேல இருக்கே, பஃபே, அதுவும் வேணாம்."

"சார், பஃபே எல்லாருக்கும் பொதுதான் சார். வேணாம்னு எழுதத் தேவையில்ல."

"எழுதிக்கம்மா."

போனை வைத்துவிட்டு ஹேமாவதியைப் பார்த்தார். "கப்பல் வரைக்கும் எதுக்கு? சாயங்காலம் வாரேன். வீட்டுலயே ஒண்ணா ஒக்காருவோம். எப்படிச் சாப்பிடாமப் போறான்னு பாத்துருவோம்."

அவள் கேட்டது அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்தது. ஆனால் அவள் கேட்டது இது இல்லை.

*

சாயங்காலம் ஐந்து மணிக்கே சுருளிராஜன் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் பரோட்டா, சால்னா, சுக்கா. ஆறு பேர் தின்னலாம்.

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை ஒன்று உண்டு. மோட்டார் கேட்லாக், மடிக்காத துணி, போன வருஷத்துக் காலண்டர்ச் சுருள்கள் எல்லாம் அதன்மேல் குடியிருந்தன. சுருளிராஜன் எல்லாவற்றையும் அள்ளிச் சோபாவில் போட்டார். துணியை நனைத்துத் தானே துடைத்தார். தட்டு எங்கே இருக்கிறது என்று தேடி மூன்று தட்டு எடுத்து வைத்தார். ஒன்றுக்கொன்று பொருந்தாத தட்டுகள். கரண்டி இருக்கும் இடம் மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

"நீ ஒக்காரு" என்றார் மனைவியிடம்.

ஹேமாவதி உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தண்ணீர் எடுக்க எழுந்தாள்.

"ஒக்காருன்னேன்ல."

முனீஸ்வரி பையோடு உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கடைசியாக அம்மாவைப் பார்த்தாள், பார்வையை எடுக்கவில்லை.

"சொல்லிட்டியா?"

ஹேமாவதி தட்டைப் பார்த்தாள்.

"கைய கழுவிட்டு வா ஆத்தா" என்றார் சுருளிராஜன். "ஒனக்குப் பிடிச்சதுதான் வாங்கியாந்திருக்கேன். இனிமே இந்த வீட்டுல எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுறோம். கப்பல்லயும் அப்படித்தான். நாலு பேரும் ஒரே மேசை, ஆறரைக்கு. சொல்லியாச்சு."

"பஃபேன்னு சொன்னியேம்மா."

"பஃபேயும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றார் அவர். மனைவியின் பொய் உடைந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

முனீஸ்வரி கத்தவில்லை. பையை வைத்தாள், கையைக் கழுவினாள், அப்பாவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகள் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருந்த ஹேமாவதிக்கு இது பயமாக இருந்தது.

சுருளிராஜன் ஒரு பரோட்டாவை எடுத்து மகளின் தட்டில் வைத்தார். சால்னாவைத் தானே ஊற்றினார். கொஞ்சம் மேசையில் சிந்தியது.

"அப்பன் ஏதாச்சும் சொல்லியிருப்பேன். அத மனசுல வச்சுக்கிட்டா இருக்கிறது? ம்? சாப்பிடு."

அவரைப் பொறுத்தவரை அது பெரிய இறக்கம். அதற்குக் கீழே இறங்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முனீஸ்வரி சாப்பிட்டாள். ஒரு பரோட்டா முடிந்தது. அவர் இன்னொன்று வைத்தார். அதுவும் முடிந்தது.

"பாத்தியா" என்றார் மனைவியிடம். முகம் மலர்ந்திருந்தது. "நீதான் பெருசாக்கிட்ட. பிள்ள பசியில இருக்கு."

"இன்னொண்ணு வைங்கப்பா" என்றாள் முனீஸ்வரி.

வைத்தார். ஆசையோடு சுக்காவும் வைத்தார். அவள் அப்பாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பிய்த்து, தோய்த்து, மென்று, விழுங்கினாள். அதன் பிறகும் தட்டை முன்னால் தள்ளினாள்.

"வைங்கப்பா."

நான்காவதில் ஹேமாவதிக்குப் புரிந்துவிட்டது. "போதும்டி முனீசு" என்றாள். மகள் காதில் வாங்கவில்லை. மெல்லுவது மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு வாய்க்கும் பள்ளிக்கூடப் பாட்டிலிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது. நெற்றியில் வியர்த்திருந்தது. அப்போதும் தட்டு முன்னால் வந்தது.

சுருளிராஜனின் கை பார்சலுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

"போதும்த்தா. வயித்துக்கு ஆகாது."

"ஏன்ப்பா?" என்றாள் முனீஸ்வரி. குரலில் கோபமே இல்லை. "திங்கிறதுல ஒரு கொறையும் இருக்கக் கூடாதுல்ல."

மத்தியானம் முழுக்கத் தேடியும் கிடைக்காத ஞாபகம் அப்போது வந்தது அவருக்கு. வந்ததை ஹேமாவதி பார்த்தாள். மனுஷன் வாயைத் திறந்தார், மூடினார். மேசையில் சிந்தியிருந்த சால்னாவை விரலால் துடைத்தார்.

முனீஸ்வரி தானே எட்டி ஐந்தாவது பரோட்டாவை எடுத்தாள். அதில் பாதியைச் சாப்பிட்டாள். மீதியை வாய்க்குக் கொண்டுபோய், முடியாமல் தட்டில் வைத்தாள். எழுந்தாள். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பலுக்கு நான் வாரேன்ப்பா. நாலு நாளும் ஒங்களுக்கு எதுத்தாப்புலயே ஒக்காந்து சாப்பிடுறேன். அங்கன கேட்டுக் கேட்டு வைப்பாகளாம்."

பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "நீயும் பாக்கத்தான ஆசப்பட்ட."

மாடிப்படியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவது கேட்டது. ஹேமாவதி எழுந்து பின்னால் போனாள். மேலே கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கேன், போம்மா" என்று மட்டும் பதில் வந்தது. கீழே இறங்கி வந்தாள்.

சுருளிராஜன் அதே இடத்தில் இருந்தார். அவர் தட்டில் எதுவும் இல்லை. இத்தனை நேரமும் அவர் சாப்பிடவே இல்லை என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். அந்த வீட்டில் அவருக்கு முந்தி ஒரு பெண் சாப்பிட்டு முடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"ஏய்" என்றார்.  "அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. பழையபடியே ரெண்டு நேரமாப் போட்டுறச் சொல்லு. நீயும் அவளும் தனியாவே சாப்பிடுங்க. நான் அந்தப் பக்கம் வரல."

ஹேமாவதி போனை எடுத்தாள். ஜெபாவிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. "மேடம், உங்க டேபிள் 47, ஆறரை மணி, நாலு பேர். லிஸ்ட்டை நாளைக்குத்தான் கப்பலுக்கு அனுப்புறோம். ஏதாவது மாத்தணும்னா காலைல பத்து மணிக்குள்ள சொல்லுங்க."

இரண்டு முறை படித்தாள். மாடியைப் பார்த்தாள். எதிரே குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். மகளுக்காக அவள் நெஞ்சு பதறியது உண்மை. மகள் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்ததும் உண்மை. ஆனால் சற்று முன் வாயைத் திறந்து மூடிய அந்த மனுஷனைப் பார்த்தபோது, இந்த இருபத்திரண்டு வருஷத்தில் தனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று மகளுக்கு ஒரே சாயங்காலத்தில் கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அது தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது.

"என்னவாம்?" என்றார் சுருளிராஜன்.

ஹேமாவதி போனைக் கவிழ்த்து வைத்தாள். பார்சலில் மிச்சமிருந்த பரோட்டாவை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே, மகள் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டைம் முடிஞ்சிருச்சாம்ங்க" என்றாள். "இனிமே மாத்த முடியாதாம்."